பச்சோந்தியின் கண்கள் பிரிந்த மலை

விலங்குகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், சித்திரை மாதத்து வளர்பிறை ஏழாம் நாள், கீழ்வானம் வெளுக்கும் வேளையில், ஒரு முயலும் ஒரு பச்சோந்தியும் செம்மலையில் ஏறத் தொடங்கின. மலையைச் சுற்றி நான்கு நாள் நடைத் தொலைவுக்கு மணல்தான். கீழே ஊற்றுகள் யாவும் வற்றிவிட்டன. உச்சியில் மட்டும் ஒரு சுனை இருந்தது. முயலின் மூன்று குட்டிகள் அடிவாரத்து ஆவாரம்புதரில் நாவறண்டு கிடந்தன. தாய்க்கு ஒரு பகல்தான் தவணை. பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் நரி வரும்.

பச்சோந்தி அப்போது மலைவழிகாட்டியாக இருந்தது. விரைந்து ஓடும், இரு கண்களாலும் நேர் எதிரே மட்டும் பார்க்கும். பயணிகளை மலையேற்றி மறுபக்கத்தில் இறக்கிவிட்டு, அடிவாரத்தைச் சுற்றித் திரும்பி வருவதே அதன் தொழில். வழிகாட்டிகளிடையே ஒரு வழக்கம் இருந்தது: புறப்பட்டவர் உச்சியைத் தொடும்வரை திரும்பிப் பார்க்கலாகாது, பார்த்தால் காரியம் கெடும். பச்சோந்தி இதில் மிகக் கண்டிப்பு.

முதல் திருப்பத்திலேயே முயல் கழுத்தைத் திருப்பியது.

"என்ன தங்கச்சி, காதுதான் பின்னால சாஞ்சிருக்குன்னு பாத்தா, கண்ணும் பின்னாலதானா?"

"புள்ளைங்க இருக்கிற புதர் தெரியுதான்னு பாத்தேன் அண்ணே."

"தெரிஞ்சா அதுங்களுக்குத் தாகம் தீந்துடுமா? உச்சியைப் பாத்து நட."

முயல் அதன்பின் திரும்பவில்லை.

நண்பகலில் சுனையை அடைந்தன. காய்ந்த கும்மட்டிக்காய் ஓட்டில் நீர் நிரப்பி, முயல் கழுத்தில் கட்டிக்கொண்டது. இறங்கத் திரும்பிய இரண்டும் திகைத்து நின்றன. ஏறும்போது ஒரே வழியாக இருந்தது, மேலிருந்து பார்க்கையில் மூன்று சிவந்த தடங்களாகக் கிடந்தது.

"எது அண்ணே?"

"நடுவுல உள்ளதுதான்," என்றது பச்சோந்தி, யோசிக்காமல்.

நடுத்தடம் ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பில் முடிந்தது. திரும்ப ஏறின. பாறை கொதித்தது. இடப்புறத் தடம் ஒரு பிளவுக்குள் போய் அடைபட்டது. மீண்டும் உச்சிக்கு வந்தபோது நிழல்கள் கிழக்கே நீண்டிருந்தன. மூன்றாவது தடமோ சிறிது தொலைவிலேயே ஐந்தாறு கிளைகளாகப் பிரிந்தது.

"இந்தப் பக்கமா நீ இறங்கினதே இல்லையா?" என்றது முயல்.

பச்சோந்தி தலை குனிந்தது. "இல்ல தங்கச்சி. இந்தப் பாறைங்களோட முகந்தான் எனக்குத் தெரியும். முதுகு தெரியாது."

"அப்ப முகத்தைப் பாத்துக்கிட்டே இறங்கு. பின்னாலயே நட!"

பச்சோந்தி உச்சியை நோக்கி நின்று, பின்புறமாகவே இறங்கியது. காலையில் கண்ட பாறைகள் ஒவ்வொன்றாக அடையாளம் தந்தன. ஆனால் காலடியில் பள்ளம். மேலே பார்த்தால் கால் வழுக்கியது. கீழே பார்த்தால் வழி தவறியது. ஒவ்வொரு காலையும் தூக்கி, முன்னும் பின்னும் ஆட்டி, பிடிப்பு உறுதியான பிறகே ஊன்றியது. ஒரு கண்ணை மேலே நிறுத்தி, மற்றதைக் கீழே இழுத்தது. தலை பிளப்பதுபோல் வலித்தது.

"நிக்காத அண்ணே! சூரியன் மணலைத் தொட்டுடுச்சு!"

பச்சோந்தி பல்லைக் கடித்து இன்னும் ஒரு முறை இழுத்தது. உள்ளே ஏதோ அறுந்தது. இரு கண்களும் தனித்தனியே சுழன்றன. வழியும் காலடியும் ஒருசேரத் தெரிந்தன.

அடிவாரத்தை மிதித்தபோது வெளிச்சம் அடங்கிவிட்டது. புதரடி மணலில் நரியின் புதிய கால்தடம். உள்ளே இரண்டு குட்டிகளே இருந்தன.

முயல் அழவில்லை. நீரை அவ்விரண்டுக்கும் ஊட்டியது. பிறகு, "உனக்கு என்ன கூலி தரணும்?" என்று மட்டும் கேட்டது.

"நீ தர வேண்டியது ஒண்ணுமில்ல தாயி," என்றது பச்சோந்தி. "நான்தான் தரணும்."

மறுநாள் காலையே அது அந்த ஆவாரஞ்செடியின் கிளையில் ஏறி அமர்ந்தது. ஒரு கண் குட்டிகள்மீதும், மறு கண் நரி வரும் வழிமீதும் இருந்தன. வைகாசி கடைசியில் இரு குட்டிகளும் தாமே ஓடித் தப்பும் அளவுக்கு வளர்ந்த அன்று, தன் கடன் தீர்ந்ததென்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குச் சென்றது. கண்கள் மட்டும் மீண்டும் சேரவில்லை. பச்சோந்தி செடிகளில் தங்குவதும், ஒவ்வோர் அடியையும் ஆட்டிப் பார்த்தே வைப்பதும், ஒரே வேளையில் முன்னும் பின்னும் பார்ப்பதும் அந்தச் சித்திரை மாலையிலிருந்துதான்.