காற்றுச் சக்கரம்

மலையடிவாரத்து உருக்காலை ஒன்றில் ஒரு குருவும் சீடரும் இருந்தார்கள். குருவுக்குச் சீடரைவிட வயது குறைவு, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்த ஆலையில் கிடையாது. அந்த இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

சீடர் பச்சமுத்து, பழைய உலையின் பெரிய மேஸ்திரி. நிலக்கரியில் எரிகிற உலை அது. அடியிலிருந்து காற்றை ஊதி ஊதி, இரவும் பகலும் எரிய வைத்து, கல்லிலிருந்து இரும்பைப் பிரித்து வடிப்பார்கள். குரு ஜெசிந்தா, தூத்துக்குடிப் பக்கம். புதிதாகக் கட்டிய மின்சார உலையை ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்தவர். அதற்கு நிலக்கரியை எரிக்க வேண்டியதில்லை, புகையும் கொஞ்சம்தான். பழைய இரும்பைக் கொட்டி உருக்கி எடுத்துவிடலாம். புது உலை கைக்குப் பழகியதும் பழையதை மூடிவிடுவதென்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேன்டீனில் பந்தயமே கட்டினார்கள். பச்சமுத்து வளைந்தார். திரையில் ஓடும் எண்களைப் படிக்கக் கற்றார். எந்தப் பழைய இரும்பை அடியில் போடுவது, எதை மேலே போடுவது என்று பழகினார். தெரியாததை ஜெசிந்தாவிடம் நின்று கேட்டார். அதில் அவருக்கு வெட்கம் இருக்கவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார். இரும்பு உருகி, சூடு போதும் என்று திரை சொன்ன பிறகும் அவர் கை மின்சாரத்தை நிறுத்தப் போகாது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுவிடுவார். அதிகச் சூட்டில் உலையின் உள்சுவர் கரையும். மூன்றாம் முறையும் கரைந்தபோது மேலாளர் அழைத்து, இன்னொரு தடவை இப்படி ஆனால் வாசல் காவலுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் அதிகம் வலித்தது.

பச்சமுத்து சோம்பேறி இல்லை, கவனக்குறைவும் இல்லை. பழைய உலைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. அந்த உலை திடீரென்று நின்றால் உள்ளே இருக்கிற இரும்பு பாறையாக உறைந்துவிடும். பிறகு உலையை இடிக்க வேண்டியதுதான். அதனால் காற்றைத் திறந்து மூடுகிற சக்கரத்தைப் பெரிய மேஸ்திரி தவிர வேறு யாரும் தொடுவதில்லை. ஒருவர் ஓய்வு பெறும் நாளில் அடுத்தவர் கையைப் பிடித்து அந்தச் சக்கரத்தின் மேல் வைப்பார். சூடம் காட்டுவார்கள். பச்சமுத்துவுக்கு அந்த உலை, பலி எதுவும் கேட்காத குலதெய்வம். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார்.

மேலாளர் அறையிலிருந்து நேராக ஜெசிந்தாவிடம் வந்தார்.

"டீச்சரம்மா, நிறுத்துன தீ திரும்ப வரும்னு எதை நம்பி நிறுத்தறீங்க?"

அன்று இரும்பு வடித்து முடிந்ததும் ஜெசிந்தா உலையை நிறுத்தினார். பக்கத்தில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, தாமும் உட்கார்ந்தார். ஷிப்டில் பாதி அப்படியே போயிற்று. பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை எடுத்து அவருக்கும் கொடுத்தார். பச்சமுத்து கடலையைத் தின்னாமல் உலையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர் மாதிரி.

"மூட்டுங்க" என்றார் ஜெசிந்தா.

பச்சமுத்து எழுந்து பழைய இரும்பைக் கொட்டி, மின்சாரம் பாய்கிற தடிகளை இறக்கினார். இடி விழுந்த சத்தத்தோடு தீ வந்தது.

"நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"மூட்டுங்க."

மூட்டினார். சாயங்காலம் வரை இதே கதைதான். பார்த்தவர்கள் குருவுக்கும் சீடருக்கும் சேர்ந்தே கழன்றுவிட்டது என்றார்கள். கடைசியாக இரும்பு முழுதும் உருகி, சூடு போதும் என்று திரை சொன்னபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. பச்சமுத்துவின் கை தானாகப் போய் நிறுத்தியது.

அதற்குப் பிறகு உள்சுவர் கரையவில்லை. பந்தயத்தில் தோற்றவர்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதைதான். ஆனால் புது உலை பழகிவிட்டது என்றால் பழைய உலைக்கு நாள் குறிக்க வேண்டும். குறித்தார்கள். கடைசி இரும்பு வடிந்ததும் காற்றை மூட வேண்டும். வழக்கப்படி அந்தச் சக்கரத்தில் கை வைக்கப் பச்சமுத்துவுக்குத்தான் உரிமை. அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

ஜெசிந்தா ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்த அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனார். வெயில் நேரத்திலும் ஜன்னல்கள் சாத்தியிருந்தன, இடுக்குகளில் துணி செருகியிருந்தது. அப்படியும் தண்ணீர்ப் பானை மூடியில் கருப்பாகத் தூசி படிந்திருந்தது. பச்சமுத்துவின் மனைவி பாவாயி கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"வா கண்ணு, காப்பி..."

"குடிச்சுட்டுத்தான் போகோணும்ங்கறா" என்றார் பச்சமுத்து.

அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான். பாவாயி ஆரம்பிப்பார், மூச்சு வாங்கும், மீதியைப் பச்சமுத்து சொல்லிவிடுவார். பாவம், அவளைக் கஷ்டப்படுத்த வேண்டாமே என்றுதான். காப்பி போட்டதும் அவர்தான். மனைவியின் டம்ளரைத் தொட்டுப் பார்த்து, ஆற்றி, கையில் கொடுத்தார். அந்த மனிதரின் பிரியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மூச்சிரைப்பு எவ்வளவு நாளாக இருக்கிறது என்று ஜெசிந்தா கேட்டார்.

"கண்ணாலமாகி இந்த வூட்டுக்கு வந்ததுல..."

"இருந்து லேசா இருக்குதுங்க. பனிக்காலம் வந்தா கூடும்" என்றார் பச்சமுத்து.

பாவாயி கையை உயர்த்தினார். மூச்சு சேருகிறவரை இருவரும் காத்திருந்தார்கள்.

"இல்ல கண்ணு. ஒருக்கா உலைய நிறுத்தி, காலி பண்ணி செங்கல் மாத்துனாங்க. அந்தக் கார்த்திக பூராவும் நான் இருமவே இல்ல. இவருக்கும் தெரியும்."

பச்சமுத்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவற்றைக் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஜெசிந்தா உபதேசம் எதுவும் செய்யவில்லை. "நாள மறுநா காத்த மூடுதாவ, வந்துருங்க அண்ணாச்சி" என்று உள்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பாவாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

பச்சமுத்து வந்தார். குளித்து, திருநீறு பூசி, தலைக்கவசத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தார். பழைய உலை கடைசி இரும்பை வடித்தது. எல்லா ஷிப்ட் ஆட்களும் கூடிவிட்டார்கள். குடும்பத்தாரைப் பாதுகாப்புக்காக வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். சூடம் எரிந்து முடிந்தது. பச்சமுத்து சக்கரத்தில் கை வைத்தார்.

கை வைத்தவர் திருப்பவில்லை. வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்து எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். ஜெசிந்தா அருகில் போனார்.

"புது உலைய நிறுத்துனா திரும்ப வரும்னு காட்டுனீங்க" என்றார் பச்சமுத்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "இது வராதுங்களே."

"வராது அண்ணாச்சி."

"இந்த இரும்புல ஆத்துப் பாலம் நிக்குது. பள்ளிக்கூடம் நிக்குது. எம் மவன் இதுல வந்த சம்பளத்துலதான் படிச்சான்."

"ஆமா."

"இதை நிறுத்துனா நான் எரிச்சதெல்லாம் தப்புன்னு ஆயிருமுங்களா? அவ நெஞ்சுல இருக்கறது நான் ஊதுன காத்துதானுங்களா?"

இத்தனை வருஷமாக வாய்க்கு வராத கேள்வி. கேட்டதும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெசிந்தாவுக்கும்தான்.

ஜெசிந்தா வாசல் பக்கம் பார்த்தார். கூட்டத்துக்கு முன்னால் பாவாயி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். யாரோ நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"அத எங்கிட்ட கேக்கக் கூடாது அண்ணாச்சி. அக்கா வாசல்ல நிக்காவ. அவியகிட்ட கேளுங்க."

பச்சமுத்து வாசலை நோக்கித் திரும்பினார். சக்கரத்திலிருந்து கை நழுவியது. ஜெசிந்தா அந்தக் கையைப் பிடித்து மறுபடியும் சக்கரத்தின் மேல் வைத்தார்.

"நிறுத்திட்டுப் போங்க. இது எரியும்போது கேட்டா அக்காவுக்கு மூச்சு வாங்கும், அவிய பதிலயும் நீங்களே சொல்லி முடிச்சிருவிய."