முப்பத்தேழாம் கட்டத்து ஏணி

நியாயம் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இரண்டு அறிவியல் ஆசிரியைகள். ‘பி’ பிரிவின் வேதவல்லி பதினாறு வருடமாகப் பாடம் எடுப்பவர்; புத்தகத்தில் ஒரு வரி பிசகமாட்டார். ‘ஏ’ பிரிவுக்குப் புதிதாக வந்த அருள்மேரியோ ஒவ்வொரு பாடத்தையும் பரமபத அட்டையாக வரைந்து பிள்ளைகளை விளையாடவிட்டார். கட்டத்தில் உள்ள வாசகம் சரியென்றால் ஏணி, தப்பென்றால் பாம்பு. மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருப்பதில்லை. ‘பி’ பிரிவுச் செவ்வந்தி தலைமையாசிரியரிடம் அழுது அடம்பிடித்து, போன வாரம் ‘ஏ’ பிரிவுக்கு மாறியேவிட்டாள்.

வேதவல்லிக்கு வயிறு எரிந்தது. எரியாதா? தன்னிடம் ரத்த ஓட்டப் பாடம் முழுக்கப் படித்த பெண், ஒரு தாயக்கட்டைக்காக ஓடிப்போனால் யாருக்குத்தான் எரியாது?

திங்கட்கிழமை அவர் அருள்மேரியின் ரத்த ஓட்ட அட்டையை எட்டிப் பார்த்தார். முப்பத்தேழாம் கட்டத்தில் ‘நுரையீரல் தமனியில் ஓடுவது சுத்த ரத்தம்’ என்று எழுதி, ஏணி போட்டிருந்தது. தமனி என்றாலே சுத்த ரத்தம் என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் இந்தத் தமனியில் மட்டும் அசுத்த ரத்தம். வேதவல்லிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கல்வி அலுவலர் வருகிறார். மாவட்டத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர இருவரில் ஒருவரைத்தான் அனுப்பப்போகிறார்.

வெள்ளிக்கிழமை அலுவலரின் கண்ணெதிரே செவ்வந்தியின் காய் முப்பத்தேழில் வந்து நின்றது. அவள் ஏணியில் ஏறாமல் காயை அங்கேயே விட்டுவிட்டாள்.

“சார், அந்தக் கட்டமே தப்பு! திங்கக்கிழமையே பார்த்துட்டேன்!” என்றார் வேதவல்லி.

அருள்மேரி குனிந்து படித்தார். முகம் வெளிறிவிட்டது. “ஆமா சார், என் தப்புதான். இத்தனை நாளும் பிள்ளைங்க தப்பா ஏறியிருக்காங்க” என்று அங்கேயே ஏணியைக் கோடு போட்டு அடித்தார்.

அலுவலர் செவ்வந்தியைப் பார்த்தார். “நீ ஏம்மா ஏறலை?”

“வேதவல்லி டீச்சர் வேற மாதிரி சொல்லிக்குடுத்திருக்காங்க சார். நாலு நாளா இதுல ஏறாமதான் தோத்துக்கிட்டு இருக்கேன்.”

“அதை ஏன் சொல்லலை?”

“சொன்னா ஆட்டத்தை நிறுத்திடுவாங்களோன்னு பயம்.”

ஒருவர் அட்டையில் தப்பு. இன்னொருவர் பாடத்தில் தப்பே இல்லை. சொல்லுங்கள், பயிற்சிக்கு யாரை அனுப்புவது நியாயம்?

விடை: அருள்மேரியை. தப்பு யாருக்கும் வரும். தெரிந்த நிமிடமே அவர் திருத்தினார். வேதவல்லி ஒரு வகுப்புப் பிள்ளைகளை நாலு நாள் தெரிந்தே தப்பான ஏணியில் ஏறவிட்டார். செவ்வந்தியும் பேசாமல்தான் இருந்தாள், ஆனால் தோற்றது அவள் மட்டும்தான். வேதவல்லியின் பாடத்தை நம்பித் தினமும் தோற்றாள். எந்த ஆசிரியைக்கும் அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. அவள் அதைச் சொன்னபோது வேதவல்லி அதைக் காதில் வாங்காமல், அருள்மேரியின் வெளிறிய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.