தவிட்டுக்குருவிகள் புதருக்குள் போய்ச் சண்டை பிடிக்கும் காரணம்

அந்தக் காலத்தில், குருவிகள் சண்டை போட்டால் யார் பக்கம் நியாயம் என்று மரமட்டைக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், ஓர் ஓடைக்கரையில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று இருந்தது. எந்தச் செடியில் பொரிந்ததோ அந்தச் செடியின் பெயரைத்தான் குஞ்சுக்கு வைப்பார்கள். நொச்சி என்பவள் அப்படி நொச்சிப் புதரில் பொரிந்தவள்.

அந்த வருஷம் கோடை முந்திக்கொண்டது. ஓடை வற்றி, சேறு வெடித்து, புழு பூச்சி அற்றுப்போயிற்று. பொட்டலைத் தாண்டினால் கண்மாய்க்கரை. அங்கே ஈரமும் நிழலும் உண்டு. ஆனால் பொட்டலில் ஒதுங்குவதற்கு ஒரு முள்செடிகூடக் கிடையாது, மேலேயோ வல்லூறு வட்டமிடும். நொச்சியின் மூன்று குஞ்சுகளும் அப்போதுதான் கூட்டைவிட்டு இறங்கியிருந்தன. தத்தத் தெரியும், பறக்கத் தெரியாது. கடைக்குட்டி பூளைக்குச் சிறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. பொட்டலை நினைத்து நொச்சி தூங்கவில்லை. இராத்திரியெல்லாம் குஞ்சுகளை அலகால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

பொட்டலைக் கடக்கும்போது யாரைக் காவலுக்கு வைப்பது? அதில்தான் சண்டை மூண்டது.

காவல்காரர்கள் இரண்டு பேர். ஒருவன் கரிச்சான். கன்னங்கரிய உடம்பும் பிளந்த வாலுமாகப் பனைமட்டையில் உட்கார்ந்திருப்பான். குருவிகள் சருகைக் கிளறும்போது கிளம்பும் பூச்சி அவனுக்கு, அவன் குரல் குருவிகளுக்கு என்று ஏற்பாடு. மற்றவன் நொச்சியின் கூடப்பிறந்த தம்பி காரை. அவனுக்கு இடம் உடைமரத்து உச்சி. காவல்காரன் குரல் கொடுத்து, கூட்டம் ஓடி ஒளிந்து, ஓர் உயிரும் போகாமல் மீண்டால், அவன் மரத்தடியில் ஒரு குன்றிமணியைக் கொண்டுபோய் வைப்பார்கள். கரிச்சானின் பனையடியில் குன்றிமணி செக்கச்செவேலென்று குவிந்து கிடந்தது. காரையின் மரத்தடியில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பொட்டலின் ஓரத்துப் புதருக்குள் காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. காரை உடைமரத்து உச்சியில் காவலிருந்தான்.

"கண்ணிருந்தா பனையடியில போய்ப் பாருங்க," என்றான் சூரை. நொச்சியின் புருஷனுக்கு அண்ணன் அவன், கூட்டத்தில் மூத்தவன். "அம்புட்டு உசுரக் காப்பாத்துனவன் கரிச்சான். மணி பொய் சொல்லுமா?"

"மணி எப்படி விழுந்துச்சுன்னு யோசிங்க மச்சான்," என்றாள் நொச்சி. "கரிச்சான் நம்மள வெட்டவெளியில மேய விடுறான். வல்லூறு வருது, கத்துறான், மணி விழுது. எந் தம்பி வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே நம்மளப் புதருக்குள்ள பத்திட்டுப் போயிடுறான். வல்லூறு வர்றதே இல்ல. வராத வல்லூறுக்கு யாரு மணி வைக்கிறா?"

"வராததுக்கெல்லாம் மணி கேட்டா, நான் தூங்குனதுக்கும் ஒண்ணு வைங்க!" என்றான் சூரை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நொச்சிக்குச் சுருக்கென்று தைத்தது. தம்பியைக் கேலி செய்தது ஒரு பக்கம். கரிச்சானை நம்பிப் பூளையைப் பொட்டலில் இறக்க வேண்டுமே என்ற பயம் அதைவிடப் பெரிது. காவலில் இருப்பவன் ஆபத்துக்குக் குரல் கொடுக்கத் தவிர வாயைத் திறக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் கூப்பிட்டாள்.

"காரை! நீயே இறங்கி வந்து சொல்லுடா!"

காரை தயங்கினான். கீழே சிரிப்பு ஓயவில்லை. மானம் யாரை விட்டது? இறங்கி வந்துவிட்டான்.

"அவன் கத்துனதும் வாயில இருக்கிற புழுவப் போட்டுட்டு ஓடுறீங்கல்ல? அந்தப் புழு அப்புறம் எங்க போச்சுன்னு யாராச்சும் கேட்டிருக்கீங்களா?" என்றான். "நான் உச்சியில இருந்து பாத்திருக்கேன். வானத்துல ஒண்ணும் இருக்காது. கத்துவான். நீங்க ஓடுனதும் இறங்கி வந்து உங்க புழுவத் திம்பான். அதுக்கும் போயி மணி வைக்கிறீங்க."

நொச்சிக்கு எத்தனையோ நாள் காணாமல் போன புழுக்கள் நினைவுக்கு வந்தன. அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னாள்.

சூரை விடவில்லை. "நீ பாத்தது நாலு தடவை இருக்கும். மத்ததெல்லாம் பொய்யா?" என்று அவன் ஓரடி முன்னால் வர, காரை ஓரடி பின்னால் போக, ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்து கத்த, கூட்டமே கொஞ்சம் கொஞ்சமாகப் புதரைவிட்டு நகர்ந்துவிட்டது. முதுகில் வெயில் சுட்டது. அது ஏன் சுடுகிறது என்று நொச்சிக்கு அப்போது தோன்றவில்லை.

திடீரென்று பனையிலிருந்து குரல் வந்தது.

"வல்லூறு! வல்லூறு!"

சூரையும் அவன் பக்கத்தாரும் குஞ்சு குளுவான்களோடு புதருக்குள் பாய்ந்தார்கள். நொச்சியின் பெரிய குஞ்சுகள் இரண்டும் அவர்கள் பின்னால் ஓடின. பூளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அதன் அலகில் ஒரு வெட்டுக்கிளி துடித்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அது தானாகப் பிடித்த முதல் இரை.

"போடாத கண்ணு," என்றாள் நொச்சி. "கெட்டியாப் பிடிச்சுக்க. அவன் இதுக்குத்தான் கத்துறான்."

"வல்லூறு! ஐயோ, ஓடுங்களேன்!" பனையிலிருந்து குரல் கிழிந்தது.

நிழல் ஒன்று மண்ணில் ஓடிவந்தது. நொச்சி நிமிர்ந்து பார்ப்பதற்குள் காற்று அவளைப் புரட்டிப் போட்டது. எழுந்தபோது வெட்டுக்கிளி மட்டும் ஒரு கால் ஒடிந்து தரையில் இழுத்துக்கொண்டு போனது. வானத்தில் வல்லூறும், அதன் முதுகைக் கொத்திக் கொத்தி விரட்டிக்கொண்டு கரிச்சானும் சிறுத்துக்கொண்டே போனார்கள். கரிச்சான் திரும்பி வந்தபோது வெறுமனேதான் வந்தான். அந்த வெட்டுக்கிளியை அவன் தொடவில்லை.

காரைதான் அக்காவைப் புதருக்குள் தள்ளிக்கொண்டு போனான். மிச்சமிருந்த இரண்டையும் சிறகுக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பிறகு ஓர் ஓரத்திலிருந்து ஒரு குரல், "இந்தத் தடவை அவன் சொன்னது மெய்தான," என்றது. "இந்தத் தடவை," என்றது இன்னொன்று. அவ்வளவுதான், சண்டை பழையபடி பிடித்துக்கொண்டது. காரை ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீ மேல போ," என்றாள் நொச்சி.

"அக்கா..."

"உன்னப் பத்தி யாரு என்ன சொன்னாலும் இறங்காத. நான் கூப்பிட்டாலும் இறங்காத."

காரை உடைமரத்து உச்சிக்குப் போனான். பனையில் கரிச்சானும் இருந்தான். பொழுது சாயும்போது, இரண்டு பேரும் முன்னும் பின்னும் காவலிருக்க, கூட்டம் பொட்டலைக் கடந்தது.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள், குரல் கொடுப்பவன் யோக்கியனா அயோக்கியனா என்று பாராமல், வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு முதலில் புதருக்குள் பாய்கின்றன. உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் அது மெய்யா பொய்யா என்று காது கிழியச் சண்டை பிடிக்கின்றன. உச்சிக்கொம்பில் காவலிருக்கிற ஒன்று மட்டும், கீழே தன் பெயரே நாறினாலும், இறங்கி வந்து பதில் சொல்வதில்லை.