வாசலில் நின்ற சாத்தன்

விளையாட்டு செய்கிறவர்களுக்கும் குரு உண்டு. பாளையங்கோட்டையில் அப்படி ஒருவர் இருந்தார். ஜெபசெல்வி டீச்சர் என்று பெயர். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்ய வந்தவர். காலையில் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வார். அதிகம் பேசமாட்டார்.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர்களில் ஒருவருக்கு ஐம்பத்து நாலு.

அந்தச் சீடர் பெயர் சங்கரபாண்டி. கடவுள் அவருக்கு ஒரு தொண்டையைக் கொடுத்திருந்தார். ரேடியோ விளம்பரம், சினிமா டப்பிங், தேரோட்டத்து அறிவிப்பு என்று முப்பது வருஷம் சோறு போட்டது அந்தத் தொண்டைதான். டீச்சரின் விளையாட்டுக்குக் குரல் கொடுக்க வந்தார். வந்த இடத்தில், இதை எப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "எனக்கும் சொல்லிக் கொடுங்க டீச்சர்" என்று கேட்டுவிட்டார்.

அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டின் பெயர் 'ஏழாவது மடை'. ஆற்றில் தண்ணீர் நின்றுபோகிறது. சாத்தன் என்கிற பையன் வீட்டை விட்டுக் கிளம்பி, மலை வரைக்கும் நடந்து, ஏழு மடைகளையும் திறந்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். விளையாடுகிறவர்தான் சாத்தன். வழியில் பார்க்கிறவர்களோடு பழகலாம், சண்டை போடலாம், சோறு வாங்கித் தின்னலாம். சாத்தனுக்குக் குரல் சங்கரபாண்டி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மீசை முளைக்காத பையன் ஒருவன்தான் தெரிவான். சண்டைக் காட்சி ஒன்றைத் தவிர, ஆயிரத்து நூறு வரி பேசி முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை விளையாட்டு வெளியே போகிறது.

புதன்கிழமை காலை அவர் உள்ளே நுழைந்தபோது, இசக்கி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒலியையும் படத்தையும் கோர்க்கிற வேலை அவனுடையது. திரையில் சாத்தன் வீட்டு வாசல். அம்மா கேட்கிறாள்: "கிளம்பிட்டியாப்பா?"

சாத்தன் வாயைத் திறக்கவில்லை.

"என்னடே, சத்தத்தைக் காணோம்?"

"வராது அண்ணாச்சி."

"ஸ்பீக்கரைப் பாரு."

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. சாத்தன் குரலை எடுத்தாச்சு. டீச்சர் சொன்னாங்க."

"இந்த இடத்துல மட்டுமா?"

"எல்லா இடத்துலயும்." இசக்கி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிளாஸ்க்ல சுடுதண்ணி இருக்கு அண்ணாச்சி. ஊத்திக் குடிங்க."

சங்கரபாண்டி பிளாஸ்க்கைப் பார்த்தார். இந்தப் பயல் இத்தனை நாளில் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதில்லை. இன்றைக்கு என்ன சுடுதண்ணீர்?

அவர் பையின் உள்ளறையில் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி. பதினேழாம் தேதி ஆப்பரேஷன். குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு, டாக்டர் வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. "பாப்போம்" என்றார். அந்தச் சீட்டைப் பற்றி இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில்கூடப் பல் வலி என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்.

ஆனால் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன வியாழக்கிழமை அவர் மேஜையில் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு இருந்தது. யார் வைத்தது என்று கேட்டபோது எல்லாரும் வேலையைப் பார்த்தார்கள். கத்திப் பேச வேண்டிய சண்டைக் காட்சியை, "அது கெடக்கட்டும் அண்ணாச்சி, பிறகு பாத்துக்கலாம்" என்று டீச்சர் தள்ளிவைத்தார். சன்னல் பக்கத்து ஆணியில் மாட்டிய பை ஒருநாள் கதவுப் பக்கத்து ஆணிக்கு வந்திருந்தது.

யாரோ சீட்டைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர் போய்ச் சொல்லியிருக்கிறார். போகப்போகிற குரல்தானே என்று இப்போதே துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

சுடுதண்ணீரைத் தொடாமல் டீச்சரின் அறைக்குள் போனார்.

"சாத்தன் குரலை ஏன் எடுத்திய டீச்சர்?"

டீச்சர் நிமிர்ந்தார். "நல்லா இருந்துச்சு அண்ணாச்சி."

"நல்லா இருந்தா யாராவது எடுப்பாங்களா?"

"உக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்குதேன். வேற ஆளைப் போடப் போறியளா? இல்ல, மெஷினைப் பேச வைக்கப் போறியளா?"

"ரெண்டும் இல்ல. சாத்தன் பேசமாட்டான்."

"ஊர்ல உள்ள அத்தனை பேரும் பேசுதாங்க. பரிசல்காரன் பேசுதான், ஆட்டுக்காரி பேசுதா. கதாநாயகன் மட்டும் ஊமையா? யாரு என்ன சொன்னா உங்ககிட்ட?"

டீச்சர் ஹெட்போனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

விளையாட்டை முதலில் சோதித்துப் பார்க்க ஆட்களைக் கூப்பிடுவது அங்கே வழக்கம். அவர்களிடம் சொல்லி, கையெழுத்து வாங்கி, மேஜையில் ஒரு மைக் வைப்பார்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே அலுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே. மைக்கை வைக்கிறவர் சங்கரபாண்டிதான். அதில் அவருக்குக் கைப்பழக்கம்.

"இது திங்கக்கிழமை வந்தவங்க. உங்க குரலோட விளையாடுனது" என்றார் டீச்சர்.

ஹெட்போனில் முதலில் முறுக்கு கடிக்கிற சத்தம் வந்தது. அப்புறம் அவர் குரல். நிறைந்த, கணீரென்ற குரல். "போயிட்டு வாரேன்மா. மலையே குறுக்க நின்னாலும் தண்ணியக் கொண்டாராம விட..." டக். யாரோ பொத்தானை அமுக்கித் தாண்டிவிட்டார்கள். இன்னொருவர், "சரி சரி, சீக்கிரம் நடல" என்றார். டக். மூன்றாவது ஆள் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "குரல் சூப்பரா இருக்குல்லா?" என்றார். அதோடு சரி.

சங்கரபாண்டி ஹெட்போனைக் கழற்றினார். "இவனுவ முறுக்கு திங்க வந்தவனுவ."

"இருக்கலாம். இது நேத்து, நீங்க கிளம்புன பிறகு வந்தவங்க. குரல் இல்லாம விளையாடுனது."

மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கிளம்பிட்டியாப்பா?" என்று அம்மா கேட்டாள். பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். ரொம்ப நேரம் ஓடியது. பதிவு நின்றுவிட்டதோ என்று பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அண்ணே, எந்தப் பட்டன்ல சொல்லணும்?" ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்.

"என்ன சொல்லணும்?" இது இசக்கி.

"போயிட்டு வாரேன்னு சொல்லணும்லா?"

"அதுக்குப் பட்டன் இல்ல தம்பி."

"சொல்லாம எப்படிண்ணே வாசலைத் தாண்ட?" அப்புறம் வெட்கத்தோடு, தாழ்ந்த குரலில், "சரிம்மா. போயிட்டு வாரேன்."

அடுத்து ஒரு பெண் குரல். "போயிட்டு வாரேன்மா. மத்தியான மாத்திரையை மறந்துராத. அடுப்புல கை வைக்காத, நான் வந்து வைக்கேன்."

இன்னொருவர் ஒன்றும் பேசவில்லை. சாத்தனின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே போனது, திரும்பி உள்ளே வந்தது, மறுபடி வெளியே போனது. அப்படி நாலு தடவை. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

சங்கரபாண்டிக்கு என்னவோ போல இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"சொல்லிக் கொடுத்துப் பேச வச்சிருக்கிய."

"யாருக்கு?"

"இவங்களுக்கு. என்னைக் கழிச்சுக் கட்ட ஒரு காரணம் வேணும்லா? நேராச் சொல்லிர வேண்டியதுதானே டீச்சர். என் பையை யாரு தொறந்தா? இசக்கியா?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல, சாத்தன் வாயை மூடுனதும் அவங்களே பேசிட்டாங்க. உங்க பையை யாரும் தொறக்கல. மழைச்சாரல் அடிச்சுதுன்னு நான்தான் தள்ளி மாட்டுனேன்."

"அப்ப பனங்கற்கண்டு?"

"அதுவும் நான்தான். சுடுதண்ணி வைக்கச் சொன்னதும் நான்தான்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்." அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. "யாரு சொன்னா?"

டீச்சர் மவுஸைக் கையில் எடுத்தார். "இன்னும் ஒண்ணு இருக்கு. இதைக் கேக்கணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

"போடுங்க."

அம்மா கேட்டாள்: "கிளம்பிட்டியாப்பா?"

மின்விசிறி. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ மூச்சு விட்டார்கள். அந்த மூச்சை அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாக மைக்குக்கு முன்னால் விட்ட மூச்சு.

மூன்று வாரம் முன்னால், சாத்தனுக்குக் குரலைக் கோர்ப்பதற்கு முன்பு, ஆற்றுச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க டீச்சர் அவரையே விளையாடச் சொல்லியிருந்தார். அவரே மைக்கை வைத்தார், அவரே பதிவைப் போட்டார். டாக்டர் ஆப்பரேஷனுக்குத் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்; மறுநாள் அட்வான்ஸ் கட்ட வேண்டும்.

"அம்மா." ஹெட்போனில் ஒரு கிழவன் பேசினான். சாத்தன் இல்லை, தேரோட்டத்து ஆள் இல்லை. கரகரப்பும் நடுக்கமுமாக யாரோ. "ஆப்பரேஷனாம்மா. பதினேழாம் தேதி. குரல் வரும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். வீட்டுலகூடச் சொல்லல. பயமாத்தான் இருக்கு. போயிட்டு வாரேன், என்ன?"

அப்புறம் ஆற்றுச் சத்தம்.

மனசுக்குள் சொன்னதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

வெளியே இசக்கி யாரிடமோ போனில் சிரித்தான்.

"இதை யாரெல்லாம் கேட்டா?" சங்கரபாண்டி ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"நான் மட்டும். மெஷின்ல இருந்து எடுத்துட்டேன். இதுல ஒண்ணுதான் இருக்கு." ஒரு பென்டிரைவைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார். சங்கரபாண்டி அதைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"டீச்சர், மறைச்சது தப்புதான். ஆனா ஒண்ணு கேக்குதேன். பதினேழுக்குப் பிறகு இந்தக் குரல் எங்கயும் இருக்காது. இந்த ஒரு விளையாட்டுல இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான் ஆயிரம் வரி பேசுனேன். அதையும் எடுத்துட்டா நான் எங்க போய் நிக்க?"

டீச்சர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். விளையாட்டின் கடைசிக் காட்சி. ஏழு மடையும் திறந்தாயிற்று. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. சாத்தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். கதவு சாத்தியிருக்கிறது. தட்டுகிறான். உள்ளே இருந்து அப்பாவின் குரல். விளையாட்டு முழுக்க அந்த அப்பா படுத்தே கிடந்தவர், ஒரு வார்த்தை பேசாதவர். இப்போது எழுந்து வந்து கதவைத் திறக்கிறார். அவருக்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தது.

"வந்துட்டியா?"

சங்கரபாண்டி தாளை இரண்டு தரம் படித்தார். தொண்டையைச் செருமினார்.

"இப்பவே பேசிரட்டுமா?"

"வேண்டாம். பதினேழு கழியட்டும்."

"வெள்ளிக்கிழமை வெளிய போகணுமே?"

"தள்ளி வச்சாச்சு."

இதிலும் ஏதாவது இருக்குமோ என்று அவர் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் காலையில் கண்ணை மூடித் திறந்த அமைதிதான் இருந்தது.

தாளை மடித்து, ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்த அதே அறையில் வைத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்றார்.

"டீச்சர், போயிட்டு வந்து, குரல் வரலேன்னா?"

"அப்போ கதவை மட்டும் திறங்க அண்ணாச்சி."