அண்ணாச்சி, எங்க போறீய?

கோழியும் காக்காவும் வேலியில ஒக்காந்து ஊர்வம்பு பேசிக்கிட்டிருந்த அந்தக் காலத்துல நாயும் பேசும். பூனை பேசினா வெறும் குறைதான்: "பால்ல ஆடையே இல்ல... பாய் ஒரே சுருக்கம்..." மாடு ஒரு வாக்கியம் முடிக்கிறதுக்குள்ள கேக்குறவன் குளிச்சிட்டு வந்துரலாம். நாய்க்கு மட்டும் ஒரே ஒரு கேள்வி. யாரு செருப்பு மாட்டினாலும் ஓடிவந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கேக்கும்:

"எங்க போறீய? எங்க போறீய? எங்க போறீய?"

கெளம்புறவனைப் பாத்து அதைக் கேக்கலாமா? போற காரியம் உருப்படுமா?

மாசாணம்னு ஒருத்தன். அவன் நாய் செவலை. மாசாணம் மொதத் தடவ பொண்ணு பாக்கக் கெளம்பினான். செவலை கேட்டுச்சு. திரும்பி வந்து ஒக்காந்து, ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சிட்டுப் போய்ப் பாத்தான். அந்தப் பொண்ணுக்கு நேத்துதான் பரிசம் போட்டிருந்தாங்க. ரெண்டாந் தடவ தெருமுக்குல வந்து கேட்டுச்சு. வெத்தலைத் தட்டு ஆத்து வெள்ளத்தோட போச்சு. மூணாந் தடவ கொல்லைப்பக்கமா பூனை மாதிரி அடிவச்சு நழுவினான். வேலிக்குள்ளருந்து ஒரு மூக்கு எட்டிப் பாத்துச்சு.

"அண்ணாச்சி! கொல்லை வழியா எங்க போறீய?"

அன்னிக்கு சாதகம் பொருந்தல.

அவன் அக்கா பூலம்மா இடுப்புல கை வச்சா. "ஏலே, ஒனக்குப் பொண்டாட்டி வேணுமா, நாய் வேணுமா? ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வா. வெள்ளிக்கெழம கீழூர்ல பொண்ணு பாக்கணும்."

"சரிக்கா."

மறுநாள் காலையில, "செவலை, வாடே. சும்மா ஒரு நடை போய்ட்டு வருவோம்"னான்.

செவலை வாயைத் தொறந்துச்சு. "எங்க..." அத்தோட நிப்பாட்டிருச்சு.

கருவாட்டுச் சோறு எப்பவும் தட்டுல மிஞ்சினாத்தான் கெடைக்கும். இன்னிக்கு இலையில முழுப் பொட்டலம். கையில புதுக் கயிறு. அண்ணாச்சி மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்குறாரு. கால் முன்னால போகுது, பெருவெரல் மட்டும் மண்ணைப் புடிச்சுக்கிட்டு வர மாட்டேங்குது. பாத்ததுமே செவலைக்கு எங்க போறோம்னு புரிஞ்சிருச்சு. எல்லாம் இந்த வாயாலதான்னு கெட்டியா மூடிக்கிச்சு.

பாதி வழியில மாசாணம் நின்னான். "ஏன்டே, எங்க போறோம்னு கேக்க மாட்டியா?"

செவலை மூஞ்சியை ஆத்துப் பக்கம் திருப்பிக்கிச்சு.

"ஒரே ஒருதரம் கேளேன்டே!" கேட்டுட்டா சகுனம் சரியில்லன்னு திரும்பிரலாமே!

செவலை வாலைக் கவட்டுக்குள்ள வச்சுக்கிட்டு முன்னால நடந்துச்சு. நேரா ஆத்தங்கரைக்குப் போய் ஓடத்துக்குப் பக்கத்துல ஒக்காந்து அவனைத் திரும்பிப் பாத்துச்சு.

"ஒனக்கு யாருடே வழி சொன்னா?" அவனும் பொத்துன்னு ஒக்காந்துட்டான். கண்ணு கலங்கிருச்சு.

ஓடக்காரர் ஒண்டிமுத்து துடுப்பை ஊனிக்கிட்டே, "என்னவே மாசாணம், நாயும் கயிறுமா வெடியக்காலம் எங்க போறீரு?"ன்னாரு.

மாசாணம் துள்ளி எந்திரிச்சான். "கேட்டுட்டீரா! வாய் தொறந்து கேட்டுட்டீருல்லா! இனி இந்தக் காரியம் வெளங்குமாவே? செவலை, வீட்டுக்குத் திரும்புடே!"

"நான் என்னவே தப்பாக் கேட்டுப்புட்டேன்?" ஒண்டிமுத்துக்குக் கடைசிவரை புரியல. கரையிலயே பொட்டலத்தைப் பிரிச்சு ஆளுக்குப் பாதி தின்னுட்டுத் திரும்பிட்டாங்க மாசாணமும் செவலையும்.

வெள்ளிக்கெழம மாசாணம் செருப்பை மாட்டினான். பூலம்மா கையில வெளக்குமாறு. செவலை ஒத்தக் கண்ணைத் தொறந்துச்சு. சலவை வேட்டி, தலை நெறய எண்ணெய். கண்ணை மூடிக்கிச்சு. அவ்வளவுதான்.

சாயங்காலம் அவன் தெருவுக்குள்ள நொழையறதுக்கு முன்னாடியே செவலை வாலை அந்த ஆட்டு ஆட்டுச்சு. "ஏ, முடிஞ்சிருச்சு! கல்யாணத்துக்கு அரிசி ஊறப் போடணும்!"னு அதைப் பாத்தே பூலம்மா கத்தினது கீழூர் வரைக்கும் கேட்டுச்சு.

அன்னியிலருந்துதான் எந்த நாயும் நம்மளை எங்க போறீங்கன்னு கேக்குறதில்ல. குளிப்பாட்டணும்னு நாம மனசுல நெனைக்கும்போதே கட்டிலுக்கு அடியில போயிருது. அது விட்ட கேள்வியை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கிட்டாரு.