கூகைப் பொத்தையில் காற்று நின்ற நாள்

“காத்தே இல்ல, டீச்சர். பிறகு எது இழுக்குது?”

தாணுலிங்கம் கேட்டார்.

முப்பிடாதி வானத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற எருக்கஞ்செடியைப் பார்த்தாள். ஒரு இலைகூட அசையவில்லை.

கயிறு மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது.

கூகைப் பொத்தை என்கிற அந்தப் பாறைக்குன்றின் காற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆடி மாதத்தில் அது மேய்கிற ஆட்டைத் தூக்கிக்கொண்டு போய், எட்டு மைல் தள்ளிச் சந்தையில் இறக்கிவிடும். விலையை மட்டும் நாம் போய்ப் பேசிக்கொள்ள வேண்டும்.

அந்தக் காற்றை மின்சாரமாக்க முப்பிடாதி ஒரு பறக்கும் எந்திரம் வைத்திருந்தாள். இறக்கை மட்டும் இரண்டு மாட்டுவண்டி நீளம். அடியில் நீளக் கயிறு. எந்திரம் ஏற ஏறக் கயிறு ஓடும், உருளை சுற்றும், மின்சாரம் வரும். கயிறு தீர்ந்ததும் கொஞ்சம் மின்சாரத்தைச் செலவழித்துச் சுருட்ட வேண்டும். பிறகு மறுபடி விட வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை.

பொத்தையின் அடியில் இருபது வீடுகள். அங்கே மின்கம்பம் கிடையாது. ஒரு வீட்டில் தாணுலிங்கத்தின் மனைவி செண்பகம் படுத்திருந்தாள். மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஒரு பெட்டி. பெட்டி ஓடினால் மூச்சு ஓடும். பெட்டி ஓட மின்சாரம் வேண்டும்.

அதனால்தான் ஐம்பத்தொன்பது வயதில், முப்பது வருடம் லைன்மேனாகக் கம்பம் ஏறி ஓய்ந்தவர், முப்பத்திரண்டு வயதுப் பெண்ணிடம் சீடனாக வந்து நின்றார்.

அவள் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. இலை நின்றால் எந்திரத்தை இறக்கு.

இன்று விடியும்போதே இலை நின்றுவிட்டது. பேட்டரியும் காலி. அவர் இறக்கவில்லை.

எந்திரம் பாறையில் விழுந்து நொறுங்கியிருக்க வேண்டும். விழவில்லை. உச்சிவெயிலில், புகைபோல ஒரு புள்ளியாக, மேலே நின்று இழுத்துக்கொண்டிருந்தது.

“கையை வைங்க” என்றாள் முப்பிடாதி.

அவர் கயிற்றில் உள்ளங்கையை வைத்தார்.

“காத்து இழுத்தா எப்படி இருக்கும்?”

“கூடும், குறையும். குதிரை மாதிரி.”

“இது?”

“ஒரே சீரா இருக்கு. கை மாத்திக் கை மாத்தி இழுக்கிற மாதிரி.”

“அண்ணாச்சி, உங்க வேலையில, இந்தப் பக்கம் பியூஸைப் பிடுங்கின பிறகும் கம்பியில உயிர் இருந்தா என்ன சொல்லுவீங்க?”

“அந்தப் பக்கம் எவனோ ஜெனரேட்டர் போட்டிருக்கான்னு சொல்லுவோம்.”

சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“அப்படி எத்தனை தடவை பாத்திருக்கீங்க?”

“ஒரு தடவை.”

“கம்பத்துல யாரு?”

“மாசானம். என் ஜோடி.”

“கீழே?”

“நான்தான். லைன் செத்துட்டு, ஏறுலேன்னு சொன்னேன். ஏறினான். எதிர்த்தாப்புல ஒரு கல்யாண வீடு. கரண்ட் இல்லன்னு அங்க எவனோ ஜெனரேட்டரைப் போட்டுட்டான்.”

முப்பிடாதி உருளையைக் காட்டினாள். பத்துச் சுற்றுக் கயிறுதான் பாக்கி. அது தீர்ந்தால் உருளை நிற்கும். உருளை நின்றால் பெட்டி நிற்கும்.

“சுருட்டணும், டீச்சர். ஆனா அது விடாதே.”

“கம்பத்துல நிக்கிற ஆளுகிட்ட எப்படிப் பேசுவீங்க?”

“கைக்கயித்துலதான். ஒரு சுண்டு சுண்டினா தளர்த்து. ரெண்டுன்னா இழு. மூணுன்னா இறங்கு.”

“பேசுங்க.”

தாணுலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை. கயிற்றை ஒரு முறை சுண்டினார்.

கயிறு தளர்ந்தது.

அவர் கை தானாக வேலை செய்தது. கடகடவென்று சுருட்டினார். இரண்டு முறை சுண்டினார். மேலிருந்து கயிறு இறுகியது. உருளை சுற்றியது.

கைபேசி அடித்தது. செண்பகம்.

“பெட்டி ஓடுது. நீங்க கஞ்சி குடிச்சீங்களா?”

“குடிச்சாச்சு.”

“பொய் சொல்லாதீங்க. தூக்குவாளி இங்கதான் இருக்கு.”

பேசும்போது அவளுக்கு மூச்சு இரைக்கவில்லை.

ஒன்று, தளர்வு. இரண்டு, இழுப்பு. வெயில் சாயும்வரை இரண்டு பேரும் வேலை பார்த்தார்கள், கீழே ஒருவர், மேலே ஒருவர். பழைய ஜோடி. ஒரு தடவைகூடச் சுண்டல் பிசகவில்லை. நடுவில் தாணுலிங்கம் பீடி பற்ற வைக்கப் போனார். அவர் பற்ற வைத்து முடிக்கும்வரை மேலே பொறுத்திருந்தது.

நாலு மணிக்கு எருக்கிலை அசைந்தது.

பிறகு செடியே சாய்ந்தது. காற்று வந்துவிட்டது. கயிறு இப்போது குதிரையாகவும் துள்ளியது, கை மாற்றிக் கை மாற்றியும் இழுத்தது. பேட்டரி முள் மேலே ஏறி நின்றது; இனி ராத்திரி முழுக்கப் பெட்டி ஓடும்.

தாணுலிங்கம் சிரித்தார். “ரெட்டை மாடு பூட்டின மாதிரி ஓடுது, டீச்சர்.”

“காத்து வந்துட்டு. மேல நிக்கிறவரை என்ன செய்யப் போறீங்க?”

“இருக்கட்டுமே.”

அவள் உருளையைப் பார்த்தாள்.

“நாளைக்கும் காத்து நின்னா? நாளை மறுநாள்? அவ மூச்சுக்கு நான் யாரைப் போய்க் கேப்பேன்? அவனுக்கென்ன, பசியா, தூக்கமா? அவன் இருந்தா எனக்குப் பயமில்ல, டீச்சர்.”

“அவர் ஏறி எத்தனை வருஷம்?”

“இருபத்தொண்ணு.”

“இறங்குன்னு எப்போ சொன்னீங்க?”

தாணுலிங்கம் அந்த நாளை நினைத்துப் பார்த்தார்.

கல்யாண வீட்டில் மேளம் நின்றது நினைவிருந்தது. ஆட்கள் ஓடி வந்ததும் ஏணி வந்ததும் நினைவிருந்தது. கைக்கயிறு தன் கையில் இருந்ததும் நினைவிருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுத் தான் ஓடியதுவரை நினைவிருந்தது.

மூன்று முறை சுண்டியது மட்டும் நினைவில் இல்லை.

கைபேசி மறுபடி அடித்தது. செண்பகம்தான். அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

கைபேசியைப் பையில் போட்டுவிட்டுப் போய் உருளைக்குக் கட்டை போட்டார். உருளை நின்றது. உருளையிலிருந்து பேட்டரிக்குப் போகிற கம்பியின் சுவிட்சை இறக்கினார். லைன் செத்ததுதானா என்று பார்க்க, அந்தக் கம்பியில் வெறுங்கையை வைத்து, பத்து எண்ணும்வரை எடுக்காமல் நின்றார். பிறகு வந்து கயிற்றைப் பிடித்தார்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது முறையும் சுண்டினார்.

மேலே எந்திரம் காற்றில் மட்டும் மிதந்தது. கை மாற்றி இழுத்தது நின்றுபோயிற்று.

பிறகு கயிறு அதிர்ந்தது, உச்சியில். கொஞ்சம் பொறுத்து, ஓர் ஆள் உயரம் கீழே. இன்னும் ஓர் ஆள் உயரம் கீழே. அவசரமில்லாமல், கால் வைத்துக் கால் வைத்து, ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது.

வெயில் இன்னும் இருந்தது. கயிற்றில் எதுவும் தெரியவில்லை.

முப்பிடாதி தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தாள்.

“டீச்சர், எங்கே போறீங்க?”

“அக்கா போன் அடிச்சாங்கல்ல. என்னன்னு பாக்கேன்.”

“அவன் வந்து நின்னா நான் என்ன சொல்ல?”

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“ரெண்டு லைன்மேன் பேசுற இடத்துல எனக்கென்ன வேலை, அண்ணாச்சி?”