முதல் பாட்டு தேய்ந்த தட்டு

இசைத்தட்டை வாங்க ஆளில்லாமல் போன பிறகும் அதைத் தேடி அலைய நாலு பேர் மிச்சமிருந்த காலத்திலே, பெரம்பூரிலே ரெஜினா என்று ஒருத்தி இருந்தாளாம். பழைய ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி மாற்றித் தருவது அவள் தொழில். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் தட்டு சேர்க்கிறவர்களுக்குள் வழக்கென்று வந்தால் அவள் சொன்னதுதான் தீர்ப்பு.

தட்டு சேர்க்கிற அவளுடைய சீடர்களில் வயதில் மூத்தவர் தனிஸ்லாஸ். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சேர்த்ததெல்லாம் மலிவுத் தட்டு. அந்தக் காலத்து அமெரிக்காவில் சோப்புக்கும் சீப்புக்கும் பக்கத்தில் வைத்து விற்ற ஜாஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுத் தட்டுகள். அட்டையில் ஒரு பெரிய பாடகரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே அவர் பாட்டு ஒன்றே ஒன்று, முதலாவதாக. மீதி ஒன்பதும் யார் யாரோ. பெயர்கூடப் போடமாட்டார்கள். லாசரஸ் என்று இன்னொருவரும் இதே ரகத்தைத்தான் சேர்த்தார்.

ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு தனிஸ்லாஸ் மூச்சு வாங்க வந்தார். கையில் ஒரு தட்டு.

“ரெஜினாம்மா, அந்த லாசரஸ் என் கழுத்தை அறுத்துட்டான்.”

“உட்காருங்க சார். தண்ணி குடிங்க.”

“தண்ணி கிடக்கட்டும். பதினோரு வருஷமா இந்தத் தட்டைத் தேடினேன். என்கிட்ட இருந்த நாப்பதையும் அவன்கிட்ட குடுத்து இந்த ஒண்ணை வாங்கினேன். வீட்டுல போட்டா, எந்தப் பாட்டுக்காக வாங்கினேனோ அது வாணலியில கடுகு வெடிக்கிற மாதிரி கேக்குது. நாப்பதையும் திருப்பித் தரச் சொல்லுங்க.”

ரெஜினா தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஓரத்தில் விரலகலத்துக்குச் சாம்பல் வளையம். அதற்கு உள்ளே கடைசி வரை கருகருவென்று மின்னியது.

“முதல் பாட்டு மட்டும் தேய்ஞ்சிருக்கு.”

“அதைத்தானே சொல்றேன்! எந்தப் பாவி அந்த ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டானோ!”

அவள் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து அதன் பக்கத்தில் சாய்த்தாள். அதே சாம்பல் வளையம். உள்ளே அதே மினுமினுப்பு.

“இது யாருது?”

“லாசரஸ் சார் காலையில கொண்டு வந்தார். தன்னை ஏமாத்திட்டாங்கன்னு அழாத குறை.”

தட்டின் நடுவில் பச்சை மையில் ‘த’ என்று எழுதியிருந்தது. தனிஸ்லாஸின் கையெழுத்து. அவர் கொடுத்த நாற்பதில் ஒன்று.

தனிஸ்லாஸ் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“அவருக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். திருப்பி மாத்திக்கறதுன்னா இன்னைக்கே முடிச்சிடலாம்” என்றாள் ரெஜினா. “இது எத்தனை வருஷம் உங்க வீட்டுல இருந்தது?”

“பத்தொன்பது.”

“ரெண்டாவது பாட்டு எப்படி இருக்கும்?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். “அட்டையில பேர் போட்டது முதல் பாட்டுக்குத்தானேம்மா.”

ரெஜினா அவருடைய அந்தப் பழைய தட்டைச் சுழலவிட்டாள். சாம்பல் வளையத்தைத் தாண்டி ஊசியை வைத்தாள்.

யாரோ லேசாக இருமினார்கள். மலிவுக் கம்பெனிக்காரன் அதை வெட்டாமலே விட்டிருந்தான். பிறகு ஒரு பியானோ. பிறகு ஒரு பெண்குரல், வேலை முடிந்து வீடு திரும்புகிறவள் மாதிரி, அவசரமில்லாமல். ஒரு கீறல்கூட இல்லை.

பாட்டு முடியும் வரை தனிஸ்லாஸ் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

“யாரும்மா இது?”

“உங்க வீட்டுல பத்தொன்பது வருஷம் இருந்தவங்க. என்னைக் கேக்கறீங்க?”

“விளையாடாதீங்க. பேர் என்ன?”

“எங்கேயும் போடலை சார். தேடியும் பார்த்துட்டேன்.”

“பேர் தெரியாம எப்படிம்மா உட்கார்ந்து கேக்கறது?”

ரெஜினா ஊசியைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தாள்.

“அந்தம்மா உங்க பேரை விசாரிச்சிட்டா பாடினாங்க?”

தனிஸ்லாஸ் லாசரஸிடம் வாங்கிய தட்டை அட்டைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

தெருமுனையில் இடது பக்கம் லாசரஸ் வீடு. வலது பக்கம் அவர் வீடு. வலது பக்கம் திரும்பி நடந்தார்.